பத்தாவது முடித்த பையனை எங்கே சேர்ப்பது: பட்டறையா, கம்பெனியா, ஐடிஐ-யா?

ரிசல்ட் வந்த மறுவாரம் அக்கா ஏற்காட்டு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மகனுடைய மார்க் ஷீட் ஜெராக்ஸ். 500-க்கு 271. பையன் படிப்பில் சுமார்தான். ஆனால் போன மழைக்காலத்தில் வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றபோது, கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று அவனே கண்டுபிடித்து, டவுனுக்கு வந்து 80 ரூபாய்க்கு வாங்கிப்போய் மாட்டி ஓட விட்டவன். “இனி எதுக்குப் பதினொண்ணு, பன்னெண்டுன்னு ரெண்டு வருஷம்? உன் பட்டறையிலேயே போட்டுக்க தம்பி. நீ அப்படித்தானே கத்துக்கிட்ட” என்றாள் அக்கா.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அக்காவுக்கு அது கொஞ்சம் வருத்தம். சேலம் சூரமங்கலம் பக்கம் ஆறு பேரோடு ஒரு கடைசல் (லேத்) பட்டறை நடத்துகிறேன். பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது எனக்குப் பிடித்த காரியம். இருந்தும் சொந்த அக்கா மகனுக்கு அதை முதல் வழியாகச் சொல்ல மனம் வரவில்லை. அன்று இரவு சாப்பிட்டுவிட்டு அவளோடும் அவனோடும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பேசினோம். சேலத்தில் இதே கேள்வியோடு இந்த மாதம் நிறைய வீடுகள் இருக்கும் என்பதால் பேசியதை எழுதுகிறேன்.

பட்டறையில் நேராகச் சேர்வது

முதலில் நான் வந்த வழி. பதினாறு வயதில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாலு மாதம் இரும்புச் சீவல் கூட்டி அள்ளுவது, டீ வாங்கி வருவது, மெஷினுக்கு எண்ணெய் விடுவது. அப்புறம் டூல் பிட் (இரும்பைச் சீவும் வெட்டுமுனை) தீட்டக் கொடுத்தார்கள். சாணைக்கல்லில் கோணம் தப்பினால் மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் வாங்கி, முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டு மறுபடி கையில் கொடுப்பார். அந்த மாதிரி ஐம்பது தடவையாவது தீட்டியிருப்பேன். இன்றைக்கு என் கண்ணுக்குக் கோணம் தெரிகிறதென்றால் அவர்தான் காரணம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மெஷினை ஓட விட்டால் அந்தச் சாவி எங்கே பறக்கும் என்று சுவரில் இருந்த பள்ளத்தைக் காட்டினார். அது போதுமாக இருந்தது.

வேலை கை வர இதைவிட நல்ல இடம் இல்லை என்பதை நான் மறுக்கவே மாட்டேன். வருகிற ஜாப் எல்லாம் நிஜ ஜாப். ஒருநாள் பம்ப் ஷாஃப்ட், மறுநாள் லாரி ஹப், அடுத்த நாள் ஜவ்வரிசி ஆலையிலிருந்து தேய்ந்துபோன புஷ். அளவு தப்பினால் ஆள் வாசலில் வந்து நிற்பார்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து ஒரு பெரிய ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். கேட்டிலேயே சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றதும் ஹெல்பராக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருவன், ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்துவிட்டு வந்தவன், மெஷினில் நின்றான். அவனுக்கு நான் ஜாப் தூக்கிக் கொடுத்தேன். ஜாப் ஆடாமல் சுற்றும்படி டயல் வைத்துச் சரிசெய்யத் தெரியாமல் அவன் திணறியபோதெல்லாம் நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். சம்பளப் பட்டியலில் அவன் பெயர் ஒரு இடத்திலும் என் பெயர் வேறொரு இடத்திலும் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மனக்குறை போகவில்லை. அவன் மேல் கோபமே கிடையாது. கையில் ஒரு தாள் இருந்திருந்தால் என்றுதான் தோன்றும்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளானாலும், வெல்டிங் கடையானாலும், டூ வீலர் மெக்கானிக் கடையானாலும் இதுதான் நிலைமை. தொழில் கைக்கு வரும், பதிவு இருக்காது. இன்னொன்றும் உண்டு. பதினெட்டு வயது ஆகாத பையனை ஆபத்தான வேலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. எந்த வேலை எந்தப் பட்டியலில் வருகிறது என்று பார்க்காமல், ‘சும்மா கூடமாட நிற்கட்டும்’ என்று விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. வெள்ளியை உருக்குகிற இடத்தில், அமிலம் இருக்கிற இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேலை இல்லை.

கம்பெனியில் நேரடி அப்ரண்டிஸ்

இரண்டாவது வழியைப் பலர் அறிவதே இல்லை. 1961-ஆம் வருடத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ படிக்காதவரையும் புதியவராகச் சேர்க்கலாம். பயிற்சிக் காலம் தொழிலைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை. ஒப்பந்தம் எழுதி அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிய வேண்டும். பையன் மைனர் என்றால் பெற்றவரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும்.

பணம் என்ன வரும்? 2019-இல் வகுத்த விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை, பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாவதோ ஐடிஐ-யோ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் வருடம் 10 சதவீதமும் மூன்றாம் வருடம் 15 சதவீதமும் ஏற வேண்டும். இதற்குமேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. சில ஆலைகள் கொடுக்கவும் செய்கின்றன. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்றுக்கொள்கிறது.

அக்கா கண்ணுக்கு அந்த 6,000 பெரிதாகப் பட்டது. எனக்கு வேறு இரண்டு விஷயம் பட்டது. ஒன்று, வயது. அவனுக்கு இப்போது பதினாறு வயது. பொதுவாகப் பதினான்கு வயதில் பழகுநராகலாம் என்றாலும், ஆபத்தான தொழில்களுக்குப் பதினெட்டு ஆக வேண்டும். உருக்கு, கொதிகலன், உயர் மின்னழுத்தம் என்று சேலம் சுற்றுவட்டாரத்தில் உண்மையிலேயே கற்க வேண்டிய இடங்கள் பாதி அந்தப் பக்கம்தான். அவன் வயதுக்குக் கதவைத் திறக்கிற இடங்கள் பெரும்பாலும் பேக்கிங், அசெம்ப்ளி மாதிரி. அதில் இரண்டு வருடம் போனால் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத்தான் கற்றிருப்பான்.

இரண்டாவது, பெயர் மயக்கம். ‘ட்ரெய்னி’ என்று எடுப்பார்கள். சீருடை கொடுப்பார்கள், வண்டி அனுப்புவார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ஒப்பந்தமே பதிந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் இருவருக்கு அப்படி ஆனது. அதனால் சேரும் முன்பே மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். ஒப்பந்தப் பதிவு எண் என்ன, எந்தத் தொழிற்பிரிவு, முடிவில் தேர்வு எழுத அனுப்புவீர்களா? இந்த மூன்றுக்கும் ஹெச்.ஆர். ஆள் நேராகப் பதில் சொன்னால் நம்பலாம். ‘அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி’ என்றால் கிளம்பி வந்துவிடலாம்.

சட்டத்தின் கண்ணில் பழகுநர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை என்பதையும் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அதனால் பி.எஃப்., போனஸ் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. ஆலையின் பாதுகாப்பு விதிகளும் அவனுக்குப் பொருந்தும். முடித்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

யாருக்கு இந்த வழி பொருந்தும் என்றால், பன்னிரண்டாவது முடித்துப் பதினெட்டைத் தாண்டி, வீட்டுக்கு மாதம் ஏதாவது வந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு. அவர்கள் தயங்காமல் போகலாம்.

ஐடிஐ, அதன் பின் அப்ரண்டிஸ்

நான் கடைசியில் நின்றது இங்கே. சேலத்தில் அய்யந்திருமாளிகையில் அரசு ஐடிஐ இருக்கிறது, கோரிமேட்டில் மகளிருக்கென்று தனியே ஒன்று, மேட்டூர் அணையில் ஒன்று, கல்வராயன் மலையில் கருமந்துறையில் ஒன்று. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம்தான். வெல்டர், ஒயர்மேன் மாதிரி சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும்.

அரசு ஐடிஐ-யில் படிப்புக்கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் கிடைக்கும். அரசுப் பள்ளியிலிருந்து வரும் பையன்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000, பெண்களுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் அதே 1,000. கூட்டினால் 1,750. கம்பெனியின் 6,000-த்தோடு ஒப்பிட்டால் மாதம் 4,250 குறைவு, இரண்டாம் வருட உயர்வைச் சேர்க்காமலே இரண்டு வருடத்துக்கு 1,02,000 ரூபாய். அக்கா இந்தக் கணக்கை விரல் விட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். சின்னத் தொகை இல்லைதான். எஸ்டேட்டில் அவள் காபி பறித்துச் சம்பாதிப்பதோடு வைத்துப் பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

அந்தப் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். எங்கள் பட்டறையில் இருக்கும் பையன் ஒருவன் ஃபிட்டர் முடித்தவன். முதல் சில மாதம் அவனுக்கு அரம்தான். ஒரு சதுர இரும்புத் துண்டை வைஸில் கட்டி, நான்கு பக்கமும் அராவிச் சமப்படுத்த வேண்டும். வாத்தியார் அதன் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாராம். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் ‘போடு மறுபடி’. கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போகும் வரை இது நடந்ததாம். பட்டறையில் எந்த ஓனரும் ஒரு பையனுக்கு இத்தனை நேரம் ஒதுக்க மாட்டார், நானும் சேர்த்துத்தான். எனக்கு மாலைக்குள் ஜாப் போக வேண்டும். அந்தப் பையனிடம் இன்றைக்கு ஒரு வரைபடத்தைக் கொடுத்தால் எந்தப் பக்கத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்று அவனே சொல்கிறான். எனக்கு வரைபடம் படிக்க வர ஏழு வருடம் ஆனது.

ஐடிஐ-யில் குறை இல்லையா? இருக்கிறது. ஒரு மெஷினைச் சுற்றிப் பல பேர் நிற்க வேண்டியிருக்கும். ஓட்டுகிற நேரம் குறைவு. ஒரு ஜாப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் கையில் ஏறாது. 2023-இல் 71 அரசு ஐடிஐ-க்களில் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்), ரோபோ முதலியவை கொண்ட புதுக் கூடங்கள் வந்திருக்கின்றன, நல்ல காரியம். ஆனாலும் ஐடிஐ-யோடு நிறுத்திவிட்டால் பாதி வழிதான் போனதாகும். சேலத்துப் பையன்கள் பெரும்பாலும் தப்புவது இந்த இடத்தில்தான். சான்றிதழ் வந்ததும் கிடைக்கிற முதல் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள்.

ஐடிஐ முடிக்கும்போது அக்கா மகனுக்குப் பதினெட்டு ஆகியிருக்கும். பத்தாவதோடு மூடியிருந்த கதவுகள் அப்போது திறக்கும். சேலம் உருக்காலை, மேட்டூர் அனல் மின் நிலையம், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகள், பொட்டனேரியில் உள்ள உருக்கு ஆலை, ரயில்வே. சேலம் கோட்டத்துக்குள் ஈரோட்டில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் லோகோ ஷெட் இருக்கிறது. தெற்கு ரயில்வே அப்ரண்டிஸுக்கு எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் வைத்துத் தரவரிசை போடுகிறது. பத்தாவதில் 50 சதவீதம் வேண்டும். இவன் எடுத்த 271 என்பது 54 சதவீதம், தகுதி இருக்கிறது. ஆனால் வரிசையில் மேலே வர ஐடிஐ-யில் நல்ல மார்க் எடுத்தாக வேண்டும் என்று அவனிடமே சொன்னேன். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல்-1 எனும் ஆரம்பநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு. போட்டி அதிலும் இருக்கிறது, சும்மா கிடைத்துவிடாது.

அந்த அப்ரண்டிஸ் காலம் முடிந்து தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். ஐடிஐ தாள் ஒன்று, இந்தத் தாள் ஒன்று. எந்த ஆலை கேட்டிலும் அவனை ஹெல்பர் வரிசைக்குத் தள்ள முடியாது.

படிப்பு வாசலும் மூடவில்லை. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் வழி உண்டு.

பாலிடெக்னிக் பற்றி ஒரு வார்த்தை. நேராக அங்கே சேர்த்தால் என்ன என்று அக்காவின் வீட்டுக்காரர் போனில் கேட்டார். கணக்கும் அறிவியலும் நன்றாக வரும் பிள்ளை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று வருடம், அப்புறம் ஒரு வருட அப்ரண்டிஸ். இவனுக்குக் கணக்கில் 41. முதல் வருடத்திலேயே அரியர் விழுந்து மனசு விட்டுப்போவான். ஐடிஐ வழியாக இரண்டு வருடம் கழித்துப் போனால், கையில் தொழில் இருக்கிற தைரியத்தில் கணக்கையும் பார்த்துக்கொள்வான்.

மலையிலிருந்து வருவது

இது வரைக்கும் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாகலூரிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், அப்புறம் டவுன். தினமும் போய்வர முடியும் என்று சிலர் சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து ரோட்டை அடைத்தால், பனியில் காலை பஸ் தாமதமானால், வருகைப் பதிவு போய்விடும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள். மலையிலிருந்து சேர்ந்து பாதியில் நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவனும் வேலை கஷ்டம் என்று நிற்கவில்லை, போக்குவரத்தால்தான் நின்றார்கள். அதனால் மலைப்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கிடைக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் எந்தப் பிரிவு என்று யோசிப்பது நல்லது. பழங்குடியினர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

எந்தப் பிரிவு என்பதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறாக இருந்தது. நான் டர்னர் என்றேன், என் தொழில் என்ற ஆசையில். அவன் எலக்ட்ரீஷியன் என்றான். “மாமா, எங்க ஊர்ல ஒரு மோட்டார் நின்னா கீழ இருந்துதான் ஆள் வரணும். ஒரு நாள் கூலியும் வண்டிச் சத்தமும் கேட்கிறாங்க” என்றான். யோசித்தால் அவன் சொல்வதுதான் சரி. எஸ்டேட் பம்ப், காபி பல்ப்பர், காட்டேஜ்களில் கீசர், இன்வெர்ட்டர் என்று மலையில் மின்வேலைக்குக் குறைவில்லை. ஆலை வேலை அமையாவிட்டாலும் ஊரில் நின்று பிழைக்கலாம். லேத்தை மலைமேல் கொண்டுபோய் வைத்து அவன் என்ன செய்வான்?

பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோரிமேட்டில் மட்டும்தான் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பொது ஐடிஐ-க்களிலும் பெண்களுக்கு இடம் உண்டு. வெல்டிங்கில், மெஷினிங்கில் பெண்களின் கை நிதானம் நான் கண்ணால் கண்டது.

ஏற்கெனவே பட்டறையில் இருக்கும் பையன்கள்

சேலத்தில் ஏராளமான பையன்கள் நான் வந்த வழியில் இப்போதே நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒப்பீடு காலம் கடந்த பேச்சாகத் தெரியலாம். அப்படி இல்லை. சில வருட வேலை அனுபவம் இருப்பவர் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஒயரிங் செய்கிறவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அறிவிப்பு வரும்போது மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் இருபத்தெட்டாவது வயதில்தான் இதைக் கேள்விப்பட்டேன்.

என்னைப் போன்ற ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான்கு பேர் வேலை செய்தாலே நாம் பழகுநரை முறைப்படி எடுக்கலாம். 30 பேருக்குக் கீழே கட்டாயமில்லை, விருப்பம்தான். ஆதார், பான், நிறுவனப் பதிவு வைத்து இணையதளத்தில் ஏற்ற எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. எப்படியும் பையனுக்கு ஏதோ ஒரு தொகை கொடுக்கத்தான் செய்கிறோம். அதில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, பையனுக்கு முடிவில் தாள் கிடைக்கிறது. போன வருடம் ஒருவனை அப்படிப் பதிந்தேன். ஐடிஐ-யில் நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாமுக்குப் போனால் பதிவுக்கு அங்கேயே உதவி செய்கிறார்கள்.

அக்கா மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “விடுமுறையிலாவது உன் பட்டறைக்கு வரட்டுமா?” வரட்டும், பார்க்கட்டும், மெஷினைத் தொட வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை அவனும் நானும் அய்யந்திருமாளிகைக்குப் போகிறோம். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் ஒரு கவரில் போட்டாயிற்று. வருமானச் சான்றிதழ் மட்டும் ஏற்காடு தாலுகா ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை.